துப்பாக்கி உரிமமும் சாதியும்: எவரும் தொடாத விதி 3

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் கொங்கு வட்டாரக் காவல் நிலையங்களில் வழக்கமான ஒரு காட்சியைக் காணலாம். உரிமம் பெற்ற துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, ஒப்படைத்து, ரசீது பெற்றுச் செல்வார்கள் அதன் உரிமையாளர்கள். வாக்கு எண்ணிக்கை முடிந்தபின் அதே ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுவார்கள். சோமனூர் போன்ற ஊர்களில் துப்பாக்கி பொதுவெளிக்கு வருவது பெரும்பாலும் இந்த ஒரு தருணத்தில்தான். மற்ற நாள்களில் அது தோட்டத்துச் சாளையின் உள்ளறையில், பெரியவரின் படத்துக்கு அருகே, பூட்டிய அலமாரியில் இருக்கும். ஆனால் யார் வீட்டில் துப்பாக்கி உண்டு என்பது அந்தத் தோட்டத்தில் வேலை செய்யும் அருந்ததியர் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். விசைத்தறிக் கூடத்திலும் பனியன் கம்பெனியிலும் கூலிக்குச் செல்லும் அடுத்த தலைமுறைக்கும் தெரியும்.

அரசுப் பதிவேட்டில் ஒவ்வொரு உரிமத்துக்கும் எண் உண்டு, முகவரி உண்டு. உரிமையாளரின் சாதியை அந்தப் பதிவேட்டோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய தேவை அரசுக்கு உண்டா? உண்டு என்கிறது சட்டம். நம்மில் பலரும் படிக்காமல் கடந்துபோன ஒரு விதியில் அது எழுதப்பட்டிருக்கிறது.

அந்த விதிக்குச் செல்லுமுன் கிராமத்துத் துப்பாக்கியின் அன்றாடத்தைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி காவல்துறை அறிக்கையைப் பெற்று ஆட்சியர் உரிமம் வழங்குகிறார். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். தற்காப்பு, விளையாட்டு, பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றை உரிமத்துக்கான காரணங்களாகச் சட்டம் ஏற்கிறது. கிராமத்தில் எளிதாகச் சொல்லக்கூடிய காரணம் பயிர்ப் பாதுகாப்பு. சோமனூரைச் சுற்றிப் பெருங்காடு ஏதும் இல்லை. பயிரை மேய்வதில் முதலிடம் மயிலுக்கு. அதைச் சுட்டால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி சிறை. காட்டுப்பன்றியைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு வழிசெய்தபோதும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடும் அதிகாரம் வனத்துறைக்குத்தான் அளிக்கப்பட்டதே தவிர, தோட்டக்காரருக்கு அல்ல. ஆக, பயிரைக் காக்கவென்று வாங்கிய துப்பாக்கி பயிருக்காக வெடிப்பது அரிது.

வெடிக்காத துப்பாக்கிக்கும் வேலை உண்டு. கூலி கேட்டு வாசலில் நிற்பவரின் குரல் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அது முடிவுசெய்கிறது. தோட்டத்து வழியே குறுக்குப்பாதையில் நடக்கலாமா, வேறு சாதிப் பெண்ணோடு மகன் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடலாமா என்ற கணக்குகளிலும் அதன் நிழல் விழுகிறது. எந்தக் குற்றப் பதிவேட்டிலும் இவற்றுக்கு இடமில்லை.

சட்டத்தின் எழுத்தில் இந்தப் பாகுபாடு இல்லை. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்து, இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1959ஆம் ஆண்டின் சட்டம் அதை நீக்கியதோடு நில்லாமல், பிரிவு 14(2)இல் இன்னொன்றையும் சேர்த்தது: விண்ணப்பதாரருக்குப் போதிய சொத்து இல்லை என்ற காரணம் ஒன்றைமட்டும் காட்டி உரிமத்தை மறுக்கக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுத வயல் வேண்டும். தற்காப்பு என்று எழுதினால், ஆபத்து உண்டு எனக் காவல் நிலையம் ஒப்புக்கொள்ள வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்துப் பூட்ட இடமுண்டு என உறுதியளிக்கவும் வேண்டும். திருப்பூர் வட்டாரத்தில் பத்துக்குப் பத்து லைன் வீட்டில் நால்வரோடு வாழ்பவர் எதைக் காட்டி உறுதியளிப்பார்? இவற்றையெல்லாம் தாண்டினாலும் எதிர்வழக்கு காத்திருக்கிறது. வன்கொடுமைப் புகார் அளித்தவர்மீது அடுத்த நாளே ஓர் எதிர்வழக்கு பதிவாவது தமிழகத்தில் ஏறத்தாழ நடைமுறை. ‘குற்ற வழக்கு நிலுவையில் உள்ளது’ என்ற ஒற்றை வரி போதும். பொது அமைதியைக் காரணம் காட்டி உரிமத்தை மறுத்துவிடலாம். பாதுகாப்பு மிகவும் தேவைப்படுபவரே தகுதியற்றவராகிறார்.

எழுத்திலேயே பாகுபாடு எஞ்சியிருக்கும் இடமும் ஒன்றுண்டு. கர்நாடகத்தின் குடகில், குடவர் இனத்தாருக்கும் ஜம்மா நில உரிமையாளருக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய அச்சலுகையை ஒன்றிய அரசு 2029 வரை நீட்டித்துள்ளது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதே குடகின் காப்பித் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கூலிவேலை செய்யும் எரவப் பழங்குடியினருக்கு அப்படி ஒரு சலுகை இல்லை. பிறப்பும் நிலமும் துப்பாக்கியைத் தீர்மானிக்கின்றன. தமிழகத்தில் இதற்கு மறுபக்கமாக நரிக்குறவர்களைச் சொல்லலாம். மருந்து இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கி அவர்களுக்கு வாழ்வாதாரம். வேட்டைத் தடைக்குப் பின் அந்தத் துப்பாக்கியே அவர்களைக் காவல்துறையின் சந்தேகப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட அவர்கள் 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. தோட்டக்காரரின் கையில் அந்தஸ்தாக இருக்கும் பொருள் குறவரின் கையில் தடயமாகிவிடுகிறது.

இனி அந்த விதி. பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடிகள் (வன்கொடுமைத் தடுப்பு) விதிகள், 1995, விதி 3(1). வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு முன்கூட்டியே கண்டறிய வேண்டும். அப்பகுதிகளில், தேவை எனக் கருதினால், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்துசெய்து, அவற்றை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களின் நெருங்கிய உறவினர், வேலையாள்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களும் இதில் அடங்கும். உரிமமற்ற துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். இவற்றோடு, உயிரையும் உடைமையையும் காக்கத் தேவை எனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்க வேண்டும்.

இந்திய அரசு தன் கைப்பட எழுதிய வரிகள் இவை. துப்பாக்கி சாதிவாரியாகப் பரவியிருக்கிறது என்பதை அரசே ஏற்றுக்கொண்ட அரிதான இடம் இது. ‘குடும்ப நண்பர்கள்’ என்ற சொல்லை எழுதியவர் கிராமத்தை நன்கு அறிந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதன் பின்னணியை நாம் அறிவோம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணிக்குள் மிராசுதார்களின் ஆள்கள் துப்பாக்கிகளோடுதான் வந்தார்கள். குண்டடிக்குத் தப்பி ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள்; ஓட இயலாத பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் ஒரு குடிசைக்குள் ஒடுங்க, 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நெருப்பைப் பற்றி நாம் பேசுகிறோம். அவர்களைக் குடிசைக்குள் விரட்டிய துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதில்லை. 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. பீகாரில் ரன்வீர் சேனை 1997 டிசம்பரில் லட்சுமண்பூர் பாதேயில் 58 பேரைச் சுட்டுக்கொன்றபோது விதி 3 நடைமுறைக்கு வந்து இரண்டரை ஆண்டுகள் கடந்திருந்தன.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. தமிழகத்தில் சாதியக் கொலைகளின் ஆயுதம் அரிவாள். 1997இல் மேலவளவு, 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே சங்கர், 2018இல் கச்சநத்தம் என எங்கும் துப்பாக்கி இல்லை. சங்கரிடம் துப்பாக்கி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எவரும் சொல்ல முடியாது. தலித் குடியிருப்புகளுக்குள் துப்பாக்கி வருவதை இக்கட்டுரையும் பரிந்துரைக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும் துப்பாக்கி முதலில் அச்சுறுத்துவது அவ்வீட்டுப் பெண்களைத்தான். ஓர் இளைஞன் ஒருமுறை எடுத்துக் காட்டினாலே போதும். தெருவே ரவுடிப் பட்டியலில் ஏறிவிடும்.

என் அக்கறை விதியின் முதல் பாதியில் இருக்கிறது: களைதல். ‘சாதி ஒழிப்பு’ நூலில், அடித்தட்டு மக்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை என்ற கேள்விக்கு விடைதேடும் அம்பேத்கர், நால்வருணம் அவர்களுக்குக் கல்வியை மறுத்ததையும் ஆயுதத்தை மறுத்ததையும் அருகருகே வைத்துப் பேசுகிறார். கல்வி குறித்த பாதியை இயக்கங்கள் தலைமேற்கொண்டன. மற்ற பாதி வன்முறைப் பேச்சாகிவிடுமோ என்ற தயக்கத்தில் விடப்பட்டது. ஆதிக்க சாதியின் கையில் உள்ள ஆயுதத்தைக் கேள்விக்குட்படுத்துவது வன்முறை அல்ல; அது சட்டத்தை நிறைவேற்றக் கோருவது.

இதில் ஒரு நிர்வாக உண்மை நமக்குச் சாதகமாக இருக்கிறது. சோமனூர் அமைந்துள்ள கோவை மாவட்டத்தின் ஊரகப் பகுதிக்குத் துப்பாக்கி உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். வன்கொடுமைத் தடுப்பு விதி 17இன்கீழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழுவின் தலைவரும் அவரே. இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்குத்தான் வருகின்றன. ‘தேவை எனக் கருதினால்’ என்ற சொற்களின் மறைவில் அவை ஒன்றையொன்று பார்க்காமல் கடந்துவிடுகின்றன.

மாணவர்கள் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தனிநபர் பெயரைக் கேட்காமல், எண்ணிக்கையை மட்டும் கேட்கலாம். மாவட்டத்தில் நடைமுறையில் உள்ள உரிமங்கள் வட்டவாரியாக எத்தனை? பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வழங்கப்பட்டவை எத்தனை? வன்கொடுமை நிகழக்கூடியவையாகக் கண்டறியப்பட்ட ஊர்களில் 1995 முதல் விதி 3இன்கீழ் ரத்தான உரிமங்கள் எத்தனை? வன்கொடுமை வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்களின் உரிமம் ஆயுதச் சட்டம் பிரிவு 17இன்கீழ் நிறுத்திவைக்கப்பட்டதுண்டா? சாதிவாரித் தகவல் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அத்தகவல் இல்லாமல் விதி 3ஐ எப்படி நிறைவேற்றினீர்கள் என்று அடுத்த கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் கேட்க, அந்தக் கடிதம் ஒன்றே போதும்.