போனஸ் போட்டாச்சா?

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், பாளையம்பட்டி குழாயடியில் ஒரே கேள்விதான்: "ஒங்க வீட்ல போனஸ் போட்டாச்சா?" அருப்புக்கோட்டைப் பக்கம் நூற்பாலைக்கும் தறிக்கும் போகிற குடும்பங்கள் நிறைய. தீபாவளிச் சேலை, பிள்ளைகளுக்குச் சட்டை, அடகிலிருக்கும் கம்மல் எல்லாம் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான்!

'போனஸ்' லத்தீன் மொழிச் சொல். 'நல்லது' என்று பொருள். இங்கே அது பல வேஷம் போடுகிறது. லாபத்தில் பங்குள்ள இன்ஷூரன்ஸ் பாலிசியில் சேருவதும் போனஸ், பால் சொசைட்டி கொடுப்பதும் போனஸ். காய்கறிக்காரம்மா போடும் கறிவேப்பிலையைக்கூடக் குழந்தைகள் போனஸ் என்கிறார்கள். அதற்குத்தான் 'கொசுறு' என்று நம்மிடமே அழகான சொல் இருக்கிறதே!

ஆனால் ஆலைப் போனஸ் கொசுறும் அல்ல, இனாமும் அல்ல, உரிமை. 1965-ல் வந்த போனஸ் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது 2019-ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பு. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், சம்பள வரம்புக்குள் வருகிறவர் வருஷத்தில் 30 நாளாவது உழைத்திருந்தால், பொதுவாகக் குறைந்தது 8.33 சதவீதம் தரவேண்டும். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. மாதம் 6,000 ரூபாய் சம்பளமென்றால், வருஷத்துக்கு 72,000. போனஸ் ஏறக்குறைய 6,000. உச்சம் 20 சதவீதம்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் வந்தாள். "அக்கா, தீவாளிக்கு ஐயாயிரம் போனஸ் குடுத்தாக. இப்ப மாசம் ஐந்நூறு பிடிக்கிறாகளே?" என்றாள்.

"பிடித்தால் அது போனஸ் இல்லையம்மா, முன்பணம். எதில் கையெழுத்துப் போட்டாய்?"

அவள் பார்க்கவே இல்லையாம்!

இளம் தாய்மார்களே, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளத்துடன் எடுத்த பிரசவ விடுப்பு நாட்களையும் போனஸுக்கு வேலை செய்த நாட்களாகவே கணக்கிட வேண்டும். "பிரசவத்துக்குப் போயிட்டியே" என்று யாராவது கழித்தால் வாய்மூடி வராதீர்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. "பாடம் எழுதினால் பத்து ரூபாய்" என்று பிள்ளையிடம் பேரம் பேசாதீர்கள். நாளைக்கு அது கூலியாகிவிடும். எழுதி முடித்தபின், எதிர்பாராமல் ஒரு கடலை மிட்டாய் கொடுத்துப் பாருங்கள். அதுதான் வீட்டுப் போனஸ்!