பாட்டாளி வீடெடுக்க, கரையான் குடிபுகுவதா?

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று கதை மாறிவிட்டது. பாட்டாளி வீடெடுக்கிறான், கரையான் குடிபுகுகிறது!

தோட்டத்தானுக்குச் சொந்த வீடு என்றால் என்ன என்பதை மற்றவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியதில்லை. லயத்து வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். அந்தப் பயத்திலேயே மூன்று தலைமுறை வாழ்ந்து முடித்தது. இன்று சேமநிதிப் பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து, பிள்ளைகளின் பெயரில் வங்கிக் கடன் வாங்கி, ஒரு மலிவு வீட்டை வாங்குகிறோம். சாவி கையில் கிடைத்த அன்று பால் காய்ச்சிப் பொங்க வைக்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால் கடன் முடிய முப்பது வருசம் ஆகும். கதவு நிலையைக் கரையான் தின்று முடிக்க அத்தனை வருசம் வேண்டாம்.

"புது வீட்டுல ஏதுங்க பூச்சி?" என்று கேட்பவர்கள் பலர். இங்கேதான் ஏமாந்து போகிறோம். வீடு புதுசு, மண் பழசு. பால்மரமும் செம்பனையும் நின்ற நிலந்தான் இன்று பல இடங்களில் தாமான் ஆகியிருக்கிறது. மரத்தைச் சாய்த்தவர்கள் அடிக்கட்டையையும் வேரையும் முழுதாகத் தோண்டி எடுக்காமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டால், பூமிக்குள் கரையானுக்குப் பந்தி விரித்தது போலத்தான். பால்மரத்தின் வேரைத் தின்று, நிற்கிற மரத்தையே சாய்க்கும் கரையானை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வீட்டைத் தின்பது பெரும்பாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னோர் இனம். கட்டை தீர்ந்ததும் அது மேலே வரும். சிமெண்டுத் தரையில் நகம் நுழையும் வெடிப்பு இருந்தாலே அதற்குப் போதும்.

ஆகவே கட்டும்போதே, தரைக்குச் சிமெண்டு ஊற்றுவதற்கு முன் மண்ணுக்கு மருந்து போட வேண்டும். இது கட்டுகிறவன் கடமை என்பது நம் கருத்து. தோட்ட நிலத்தை வாங்கிக் கூறு போட்டு விற்கிற மேம்பாட்டு நிறுவனங்கள் கட்டைகளை அப்புறப்படுத்தி, மண்ணுக்கு மருந்து போட்டு, அதற்கு எழுத்தில் சான்றும் தர வேண்டும். நாமும் வாய் திறந்து கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், கட்டட விவரப் பட்டியலில் கரையான் தடுப்பு எழுதியிருக்கிறதா என்று படித்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதாததைப் பிறகு கேட்டால், "அப்படி ஒண்ணும் சொல்லலையே" என்று கைவிரிப்பார்கள்.

வீட்டை வாங்கியாகிவிட்டதா? அப்போதும் வழி இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில், 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தப்படி, மேம்பாட்டு நிறுவனத்திடம் வாங்கிய வீட்டுக்குச் சாவி பெற்றதிலிருந்து 24 மாதம் பழுதுக் கெடு உண்டு. மோசமான வேலைப்பாட்டாலும் மட்டமான பொருளாலும் வந்த பழுதை அந்தக் காலத்துக்குள் எழுதிக் கொடுத்தால், 30 நாளில் நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். கரையான் வந்ததற்கெல்லாம் நிறுவனத்தையே குற்றம் சொல்லிவிட முடியாது. ஆனால் தரை வெடித்திருந்தால், சுவரில் நீர் கசிந்தால், குழாய் நுழையும் ஓட்டையைப் பூசாமல் விட்டிருந்தால் அவையெல்லாம் பழுதுதான். கரையானும் எலியும் கரப்பானும் வருகிற வாசல்களும் அவையேதான்.

ஆபீசில் போய் வாயால் சொல்லிவிட்டு வருவது புகார் ஆகாது. தேதி போட்டு எழுதுங்கள். படம் எடுத்து இணையுங்கள். ஒரு நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். நிறுவனம் அசையாவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. பழுதுக் கெடு முடிந்து 12 மாதத்துக்குள் வழக்கறிஞர் இல்லாமலே அங்கே மனுச் செய்யலாம். மாற்றார் கைமாறி வாங்கிய பழைய வீட்டுக்கு இந்தக் கெடு பொருந்தாது. அப்படிப்பட்ட வீட்டைப் பணம் கொடுக்கு முன்பே தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தட்டிப் பார்ப்பது என்றால் நிசமாகவே தட்டுவதுதான். கதவு நிலையை விரல் முட்டியால் தட்டுங்கள். வெற்றுப் பானை போலச் சத்தம் கேட்டால் உள்ளே சோறு முடிந்துவிட்டது என்று பொருள். சுவரோரத்தில் பென்சில் பருமனுக்கு மண்கோடு ஏறுகிறதா பாருங்கள். மழை பெய்த மாலையில் ஈசல் விளக்கைத் தேடி வெளியிலிருந்து வருவது வழக்கம். வீட்டுக்குள்ளே சுவர் வெடிப்பிலிருந்து ஈசல் புறப்பட்டால் கூடு காலடியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மண்கோட்டைக் கண்டவுடன் டின் மருந்தை அடித்துக் கலைத்துவிடாதீர்கள். கண்ணில் பட்டது நூறு சாகும். மற்றவை வேறு பக்கம் வழி தேடும். விவசாய இலாகாவின் பூச்சிக்கொல்லி வாரியத்தில் உரிமம் பெற்றவரை அழைத்து, உரிமத்தையும் பார்த்த பிறகே வேலையைக் கொடுங்கள்.

சமையல்கட்டைப் பின்னால் இழுத்துக் கட்டாத வீடு நம்மிடையே குறைவு. அங்கேதான் பெரிய ஓட்டை விழுகிறது. புதுத் தரைக்காக மண்ணைத் தோண்டும்போது பழைய மருந்துத் தடுப்பு அறுந்துபோகிறது. பழைய தரையும் புதுத் தரையும் சேரும் கோடே கரையானுக்குச் சாலை. ஆகவே புதுச் சிமெண்டு ஊற்றுமுன் அந்த மண்ணுக்கும் மருந்து போடச் சொல்லுங்கள். கொத்தனார் விட்டுப்போன பலகைத் துண்டையும் சிமெண்டுத் தாளையும் மண்ணில் புதைக்க விடாதீர்கள். பதப்படுத்தாத பால்மரப் பலகையில் அலமாரி அடிக்காதீர்கள். அதில் மாவுச்சத்து அதிகம். வண்டு துளைத்துப் பொடியாக்கிவிடும்.

லயத்திலிருந்து கொண்டுவரும் சாமானிலும் கவனம் வேண்டும். பழைய மெத்தையிலும் கட்டில் சந்திலும் மூட்டைப்பூச்சி பல மாதம் பட்டினி கிடந்தும் உயிரோடிருக்கும். அலமாரி முதுகில் கரப்பான் முட்டை ஒட்டியிருக்கும். வாசலிலேயே இறக்கி, தட்டி, கழுவி உள்ளே கொண்டு போங்கள். துணிமணிகளைச் சுடுநீரில் அலசுங்கள். குழாய்ச் சந்துகளைக் கம்பி வலையும் சிமெண்டும் வைத்து அடையுங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைப்பார்கள். தாமானில் நமக்காக எந்த ஆந்தையும் வராது. எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உயிரையே எடுக்கும்.

சாவி வாங்கிப் பூட்டிவிட்டு, நல்ல நாள் பார்த்துக் குடிபோகக் காத்திருக்கும் இடைவெளியில் ஏடிஸ் கொசு முந்திக்கொள்ளும். கழிப்பறைத் தொட்டி, தரைக் குழி, கொத்தனார் வாளி ஆகிய இடங்களில் நின்ற நீரில் சுமார் ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் வீட்டுக்காரர் தலையில்தான் விழும். அதைவிடக் கொடுமை டெங்கி. வாரம் ஒருமுறை போய் நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த முட்டையும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். தோட்டத்து மருந்து வீட்டுக்கு வரக்கூடாது! "கொஞ்சம்தானே, கரப்பானுக்கு அடிக்கலாம்" என்று குளிர்பானப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவராதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் பிறகு அழுது பயனில்லை. பாராகுவாட் களைக்கொல்லியை அரசாங்கம் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடைசெய்துவிட்டது. அப்படியொரு பழைய போத்தல் எங்காவது மூலையில் கிடந்தால், திறக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து விவசாய இலாகாவிடம் தெரிவியுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. வரிசை வீட்டில் ஒருவர் மட்டும் மருந்து போட்டால் கரையான் பக்கத்து வீட்டுக்குப் போகும். காலம் பார்த்துத் திரும்பியும் வரும். பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே ஆளை அழைத்தால் கூலி குறைத்துப் பேசலாம். பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே புகாரில் கையெழுத்துப் போட்டால் மேம்பாட்டு நிறுவனமும் கதவைத் திறக்கும். சம்பளம் கேட்க ஒன்றாக நின்றவர்கள் நாம். தாமானுக்கு வந்ததும் வேலி போட்டுக்கொண்டு தனித்தனி ஆகிவிடலாமா? கண்ணுக்குத் தெரியாத அந்தக் கரையானே கூட்டமாகத்தான் வேலை செய்கிறது. தோழர்களே, 24 மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "வாங்கண்ணே, பேசுவோம்" என்று கூப்பிடுங்கள்.