மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு

கிராம சபைக்கு நான் போனது தண்ணீர் வரிக்காகத்தான். அம்மா போன பிறகு பூட்டிக் கிடக்கும் எங்கள் ஊர் வீட்டுக்கு மூன்று வருட பாக்கி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். குழாயே இல்லாத வீட்டுக்கு என்ன தண்ணீர் வரி? நேரில் கேட்டுவிடலாம் என்று 2023 அக்டோபர் 2 அன்று ஊரில் போய் இறங்கினேன். திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏன் என்று படித்தால் புரியும்.

சமுதாயக் கூடத்தில் நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். ஊராட்சி செயலர் (ஊரில் எல்லோருக்கும் அவர் 'கிளார்க்கு' தான்) வரவு செலவை ஒரே மூச்சில் வாசித்தார். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை. அதே வேகத்தில், "கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு சிறப்பாகச் செயல்பட்டு வருகிறது" என்று ஒரு வரி.

என் வாய் சும்மா இருக்காது. அது உங்களுக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

"கடைசியா எப்போங்க கூடுச்சு?"

"கூடிட்டுதான் மேடம் இருக்கு."

"யாரெல்லாம் அதுல இருக்காங்க?"

நோட்டைத் தேடினார்கள். பீரோ சாவி வேறு யாரிடமோ இருந்தது. சாவி வந்து, நோட்டு வந்து, பார்த்தால் மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் ஒழுங்காக நடந்திருக்கிறது, காகிதத்தில். எல்லாக் கூட்டத்திலும் ஒரே தீர்மானம், ஒரே எழுத்து. தேதியில் மட்டும் பேனாவின் நிறம் மாறியிருந்தது. குழுவில் ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். சிறுமி என்று போட்டிருந்த பெயரைப் படித்ததும் முன்வரிசையில் சிரிப்பு. அந்தப் பெண் திருச்சியில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாளாம்.

பால்வாடி டீச்சர் எழுந்து, "நானும் மெம்பர்னுதான் சொல்றாங்க. கையெழுத்துக் கேப்பாங்க, போடுவேன்" என்றார். தலைவரம்மா என்னைப் பார்த்து, மைக் இல்லாமல் மெதுவாகச் சொன்னார்: "இதுக்கு நான்தான் தலைவர்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுதுங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாருமே அவருக்குச் சொல்லவில்லை. ஊராட்சித் தலைவராக வந்தால் குழாய், விளக்கு, ரோடு என்றுதான் எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் அரசியல் சாசனத்தின் 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு என்று எழுதிவைத்த 29 விஷயங்களில் 25-வது, பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. 26-வது சமூக நலம். மாற்றுத் திறனாளிகளும் மனவளர்ச்சி குன்றியவர்களும் அதற்குள் வருகிறார்கள். சுகாதாரமும் ஆரம்ப சுகாதார நிலையமும் 23-வது. ரோடு எவ்வளவு ஊராட்சியின் வேலையோ, இவையும் அவ்வளவு ஊராட்சியின் வேலை.

நான் வரி ரசீதை எடுக்கப் போன நேரத்தில்தான் பின்னாலிருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தார். எனக்குப் பெரியம்மா முறை. "ஏத்தா, அவ்வளவு கேட்டியே, கீழத்தெருவுல ஒரு பொண்ணு ஆனியிலருந்து பள்ளிக்கூடம் போகலை. அதையும் கேளு."

கூடம் அமைதியானது. "அது அவங்க குடும்ப விஷயம் பெரியம்மா" என்றார் கிளார்க்கு.

அன்று மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். தனியாகப் போக தைரியம் இல்லாமல் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டேன். ஓட்டு வீடு, பின்னால் மாட்டுக் கொட்டகை. மாடு இல்லை. கட்டிலில் ஒரு பையன், 22 வயது. வலது கணுக்காலில் சங்கிலி, மறு முனை தூணில். சைக்கிளுக்குப் போடும் பூட்டு. நெற்றியில் திருநீறு, பக்கத்தில் தட்டும் சொம்பும் சுத்தமாக இருந்தன. யாரோ அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது.

பார்த்துக்கொண்டது அவன் தங்கை. 12 வயது, ஏழாம் வகுப்பில் இருக்க வேண்டியவள். பூட்டின் சாவி அவள் கழுத்துக் கயிற்றில், தாயத்தோடு சேர்ந்து தொங்கியது. காலை 8 மணிக்கு அம்மா வேலைக்குப் போனால் சாயங்காலம் வரும் வரை இவள் வாசல்படியில். சோறு கொடுப்பது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது எல்லாம் அவள்தான். அப்பா திருப்பூர் போனவர் திரும்பவில்லை.

அந்தப் பையன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் வரை படித்தவன். திடீரென்று யாரோ பேசுவதுபோல் கேட்கிறது என்றானாம். குணசீலத்தில் ஒரு மண்டலம் இருந்தார்கள். ஒரு தடவை திருச்சியில் தனியார் டாக்டர். மாத்திரை சாப்பிட்டவரை நன்றாக இருந்தான், காசு தீர்ந்ததும் மாத்திரையும் நின்றது.

மாலை அம்மா வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "கட்டிப் போட்டது தப்புன்னு சொல்ல வந்தீங்களா? அவுத்து விட்டா ஹைவேயில போய் நிப்பான். ரெண்டு தடவை நின்னான். நீங்க வந்து பாத்துக்கிறீங்களா?"

பதில் இல்லை. இப்போதும் இல்லை.

சட்டத்தில் பதில் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தது, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 95-வது பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் இருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். நம்மில் 35 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அந்தச் செய்தி நினைவிருக்கும்.

அதே சட்டம், சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாகவும் கொடுக்கிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனையிலும் எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும். நோயாளியின் புகாரை விசாரிக்க மனநல மறுஆய்வு வாரியம் உண்டு. அதில் நோயாளிகளோ, அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரோ உட்காரவும் இடம் வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் இருந்தும், கொட்டகையில் சங்கிலி இருந்தது. சர்க்கரை நோய்க்கு வீட்டு வாசலுக்கே மாத்திரை வரும் தெரு அது. மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வாரா வாரம் அந்தத் தெருவுக்கு வருகிறார். அவர் கையில் இருந்த படிவத்தில் பி.பி.க்கும் சுகருக்கும் கட்டம் இருந்தது, கொட்டகைக்கு இல்லை.

இங்கே ஒரு வெளிநாட்டுக் கதை. லண்டனில் 2000 பிப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி, பாட்டி முறை உறவினரின் பொறுப்பில் இருந்தபோது சித்திரவதைப்பட்டு இறந்தாள். விசாரித்த லேமிங் பிரபு 2003-ல் அறிக்கை கொடுத்தார். நகராட்சி ஊழியர்கள், மருத்துவமனை, போலீஸ் என்று எல்லோர் கண்ணிலும் அவள் பட்டிருக்கிறாள். காப்பாற்ற 12 சந்தர்ப்பங்கள் இருந்தன, ஒன்றும் பயன்படவில்லை. 'எங்கள் மேஜைக்கு வரவில்லை' என்று மேலே இருந்தவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. அடுத்த வருடமே சட்டம் போட்டார்கள்: ஒவ்வொரு நகராட்சியிலும் குழந்தைகள் சேவைக்கு ஒரு இயக்குநர், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களில் அதற்கென்றே ஒருவர். பெயர் சொல்லிக் கேட்க ஆள் வேண்டும் என்பதுதான் விஷயம். அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. விக்டோரியாவின் கதை நடந்த அதே ஹாரிங்கே பகுதியில் 2007-ல் இன்னொரு குழந்தை, 17 மாதம், அதே மாதிரி போனது. அதனால் சட்டம் வந்தாலே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர்க் குழுவுக்குத் தலைவர் யார் என்று தலைவருக்கே தெரியாத நிலையை விட அது மேல்.

ஊர்க் கதைக்கு வருகிறேன். 1098-க்கு போன் செய்தது யார் என்று கேட்காதீர்கள். சொல்லத் தேவையில்லை என்பதுதான் அதில் வசதி. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு பெண் வந்தார். மகளைப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டார். வந்த பெண் போய்விடாமல் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் உள்ளேயிருந்து தண்ணீர் சொம்பு வந்தது. அப்புறம்தான் பேச்சு.

மனநல டாக்டர் வாரத்தில் ஒரு நாள் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறார் என்பது கிராம சுகாதார செவிலியருக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மாவுக்குத் தெரியாது. இருவரும் ஒரே தெருவில் தினமும் பார்த்துக்கொள்பவர்கள்! மருத்துவமனை 14 கிலோமீட்டர். பஸ்ஸில் அவனை ஏற்ற முடியாது, ஆட்டோவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். முதல் இரண்டு தடவை தலைவரம்மா தன் மகனின் காரை அனுப்பினார். அதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்தார். நூறு நாள் வேலையில் அந்த அம்மாவை வீட்டுக்கு எதிரே தெரியும் ஏரிக்கரைப் பணித்தளத்தில் சேர்த்துவிட்டார். இடைவேளையில் வந்து மகனைப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். ஊர்த் தலைவர் ஒருவர் மனது வைத்து அந்த வீட்டைப் பற்றிப் பத்து நிமிடம் யோசித்ததில் வந்த யோசனை.

தலைவரம்மாவால் டாக்டருக்கு உத்தரவு போட முடியாது. டாக்டர் சுகாதாரத் துறை, பாதுகாப்பு அலகு வேறு துறை, பள்ளி இன்னொரு துறை. மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, "அந்த வீட்டுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிற இடம் அந்த மூன்று மாதக் கூட்டம் மட்டும்தான். அந்த டிசம்பரில் நிஜமாகவே கூடினார்கள். தலைமையாசிரியை, செவிலியர், பால்வாடி டீச்சர், வி.ஏ.ஓ., இந்த முறை நிஜமாகவே எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். அந்தக் குட்டி, பள்ளிக்கூடம் வராமல் போன இன்னும் இரண்டு பேரின் பெயரைச் சொன்னாளாம். பெரியவர்களுக்கு ஒருவரும் தெரியவில்லை.

தங்கை நவம்பரில் பள்ளிக்குப் போனாள். அரை வருடப் பாடம் போனது போனதுதான். கணக்கில் இன்னும் தடுமாறுகிறாள். சங்கிலி பொங்கலுக்கு முன் அவிழ்ந்தது. மாசியில் ஒரு முறை ஓடிப் போய், மறுநாள் மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் கிடைத்தான். அன்று அந்த அம்மா மறுபடி சங்கிலியைக் கையில் எடுத்ததாகப் பெரியம்மா சொன்னார். போடவில்லை. இப்போது நான்கு ஆடு வாங்கி மேய்க்கிறான். பேச்சு குறைவு. என்னைப் பார்த்தால் சிரிப்பான்.

இத்தோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு எங்கள் மாவட்டத்திலும் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர் வந்தார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, எத்தனையோ ஊரை ஒருவர் பார்க்கிறார். போன ஆடியில் தாலுகா மருத்துவமனையில் அந்த மாத்திரை இல்லை, அடுத்த வாரம் வாங்க என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரமும் இல்லை. மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று அந்த வீட்டுக்கு நன்றாகத் தெரியும். அந்த அம்மா ஓர் ஆட்டை விற்று, திருச்சியில் ஒரு மாதத்துக்கு வாங்கி வந்தார். பழைய தலைவரம்மாவிடம் கேட்டால், "நான் இப்போ தலைவர் இல்லியே கண்ணு, எந்த அதிகாரத்துல போய்க் கேப்பேன்?" என்கிறார். நானே 14416-க்கு போன் செய்தேன். பேசியவர் பொறுமையாகக் கேட்டு, பக்கத்தில் வேறு எங்கே மருந்து கிடைக்கும் என்று விசாரித்துச் சொன்னார். அது உதவிதான். ஆனால் இருப்பு ஏன் தீர்ந்தது என்று நாலு பேர் நடுவில் கேட்க ஓர் ஆள் வேண்டுமே.

உங்கள் ஊரிலும் இந்த 26-ம் தேதி கிராம சபை உண்டு. வருடத்தில் ஆறு முறை நடக்கிறது. போனால் அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். சிறுமி பிரதிநிதி எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேளுங்கள். டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், மருந்து இருக்கிறதா என்றும் கேளுங்கள். சண்டை போட வேண்டாம். எனக்கு அது வராது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

நேற்று கிளார்க்கு போன் செய்தார். தண்ணீர் வரி விஷயம் இன்னும் முடியவில்லை, அதுதான் என்று நினைத்தேன்.

"மேடம், 26-க்கு வர்றீங்களா?"

"ஏங்க?"

"இல்ல, சும்மாதான். வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. பீரோ சாவியை வாங்கி வெச்சிருக்கணும்."