சாவிக்குக் காசு

திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைப் பார்த்திருக்கிறீர்களா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய வம்சம். அதற்குச் சாவி தொலைந்துபோனால் நாகல் நகர் பக்கம் யாராவது ஒரு பெரியவரைத் தேடிப் போக வேண்டும். அந்தப் பூட்டைச் செய்தவர் அவர் இல்லை. உள்ளே எத்தனை லீவர் என்று படமும் கிடையாது. கம்பியை விட்டு, காதைக் கொடுத்து, அரத்தால் ராவி, மறுபடி விட்டு... ‘டக்!’ அவர் காசு வாங்குவது இரும்புக்கு இல்லை, அந்த ‘டக்’குக்கு.

இது புரிந்தால் ஒயின் புரிந்த மாதிரி. (அவசரப்படாதீர்கள். இது டாஸ்மாக்கில் கிடைக்காத ஒயின்.) லினக்ஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் சாஃப்ட்வேரை ஓட்டுவதற்கென்று எழுதிய சாஃப்ட்வேர். இதோடு எனக்குச் சகவாசம் ஏற்பட்டது மனைவியின் தம்பியால். எங்கள் பக்கம் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவது.

மாப்பிள்ளைக்குத் திண்டுக்கல்லில் கல்யாணப் பத்திரிகை டி.டி.பி. கடை. இருபது வருஷத்துக்கு மேலான பத்திரிகைகள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. நிலக்கோட்டையிலிருந்து ஒருவர் வருவார். “அக்கா பத்திரிகையை எடுத்து தங்கச்சி பேரைப் போடுங்க. மத்தபடி அதே தாய்மாமன்தான்.” (நடுவில் சண்டை போட்ட தாய்மாமன் மட்டும் டெலிட்.) அந்தத் தாய்மாமன்கள் அத்தனை பேரும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில், ஒரு பழைய விண்டோஸ் சாஃப்ட்வேருக்குள் குடியிருக்கிறார்கள். வெளியே எடுத்தால் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிவிடுவார்கள். கடையின் சொத்தே அதுதான்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. 11 வேண்டுமானால் டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். கடைக் கம்ப்யூட்டர் அதற்கெல்லாம் தாத்தா.

“லினக்ஸ் போட்டுருவோம் மச்சான். ஓசி!”

லினக்ஸ் அவருக்குப் புதிதில்லை. 2011-ல் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவர் மகளுக்கும் ஒன்று வந்தது. அதில் விண்டோஸோடு சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் மாவட்டத்தில் அதைத் திறந்து பார்த்தவர்களை ஒரே ஷேர் ஆட்டோவில் அடக்கிவிடலாம் என்பது என் கணக்கு.

லினக்ஸ் போட்டாயிற்று. தாய்மாமன்கள் வர மறுத்தார்கள். அங்கேதான் ஒயின்.

விண்டோஸ் புரோகிராம் எதற்கெடுத்தாலும் விண்டோஸைத்தான் கேட்கும். ‘ஒரு ஜன்னல் திற’, ‘அந்த ஃபைலை எடு’, ‘இங்கே ஒரு மா வரை’. ஒயின் நடுவில் நின்றுகொண்டு, “சொல்லுங்க, நான்தான் விண்டோஸ்” என்று லினக்ஸிடம் வேலையை வாங்கிக் கொடுக்கும். மைக்ரோசாஃப்டின் மூல நிரலைப் பார்க்காமல், இதைக் கேட்டால் என்ன பதில் வருகிறது என்று தட்டித் தட்டிப் பார்த்து எழுதியது. பெரியவர் காதைக் கொடுத்தாரே, அதே வேலை. அசலில் தப்பு இருந்தால் அந்தத் தப்பையும் அப்படியே செய்தாக வேண்டும். அதை நம்பி எழுதிய புரோகிராம்கள் இருக்கின்றனவே! 1993-ல் ஆரம்பித்தவர்கள் 1.0 என்று நம்பர் போட்டது 2008 ஜூனில். பதினைந்து வருஷம்.

ஒயின் இலவசம். கடையில் போட்டோம். தாய்மாமன்கள் திரையில் தரிசனம் தந்தார்கள். பிரிண்ட் கொடுத்தால் வெள்ளைத் தாள். எந்த டி.எல்.எல்.லை எங்கே போடுவது என்று இரண்டு ராத்திரி முழித்தோம். முகூர்த்த சீசன் வேறு.

அப்போதுதான் கிராஸ்ஓவர் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் கோட்வீவர்ஸ் என்று ஒரு கம்பெனி. அதே ஒயினைச் சோதித்து, சுலபமாகப் போட்டுக்கொள்ளும்படி செய்து விற்கிறார்கள். ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய். ஒரு வருஷத்துக்குப் புதுப் பதிப்புகளும் உதவியும் உண்டு. வருஷம் முடிந்தாலும் வாங்கின பதிப்பு ஓடும்.

“ஓசிச் சரக்குக்கு ஆறாயிரமா? ஏமாத்துறாய்ங்க மச்சான்!”

விண்டோஸுக்காக மாப்பிள்ளை ஆயுளில் கொடுத்தது, சி.டி.யோடு வந்த சர்வீஸ் பையனுக்கு முந்நூறு ரூபாயும் ஒரு டீ, வடையும்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள் எழுதுவது திரும்ப ஒயினுக்கே போகிறது. 1994-லிருந்து ஒயினைக் கட்டி மேய்க்கிற அலெக்சாண்டர் ஜூலியாருக்கு அங்கேதான் உத்தியோகம். 2018-ல் வால்வ் கம்பெனி கொண்டுவந்த புரோட்டானால் பையன்கள் லினக்ஸில் விண்டோஸ் கேம் ஆடுகிறார்கள். அதிலும் இவர்கள் கை உண்டு. எங்கேயோ யாரோ காசு கொடுத்ததால்தான் மாப்பிள்ளைக்கு இரண்டு ராத்திரி ஓசியில் தாய்மாமன் தரிசனம் கிடைத்தது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. 14 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். கம்பெனி காட்டுகிற பட்டியலை நம்பாமல் சொந்த ஃபைலைத் திறந்து, சொந்த பிரிண்டரில் அடித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்தோம். பன்னிரண்டாம் நாள் தாய்மாமன்கள் தாளில் இறங்கினார்கள்.

ஒன்று மட்டும் படியவில்லை. கடையோடு கைமாறி வந்த இன்னொரு தமிழ் சாஃப்ட்வேர், 90-களின் சரக்கு. பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் செருகினால்தான் திறக்கும். அதன் டிரைவர் விண்டோஸின் அடிவயிற்றில் வேலை செய்வது, ஒயின் அங்கே கை வைப்பதில்லை. ஆறாயிரம் கொடுத்தாலும் அதே கதைதான். ஆகவே ஒரு பழைய பெட்டி, இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிய நிலையில், இன்னும் மூலையில் இருக்கிறது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் திறக்காத பூட்டு!

“சரி மச்சான், கொடுத்துருவோம்” என்று பர்ஸை எடுத்தார். “ஒரு நாளாச்சும் ஓசில தந்திருக்காய்ங்களா?”

தந்திருக்கிறார்கள். 2008-ல் அந்தக் கம்பெனித் தலைவர் ஜெரமி வைட், அதிபர் புஷ்ஷுக்குச் சில சவால்கள் விட்டார். அதில் ஒன்று, எங்கள் ஊரில் பெட்ரோல் காலன் 2.79 டாலருக்கு இறங்கினால் ஒரு நாள் முழுக்க எல்லாம் இலவசம் என்பது. நடக்காது என்ற தைரியம். உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தது, பெட்ரோலும் கூடவே கவிழ்ந்தது. மனுஷன் சொன்ன சொல் தவறாமல் அக்டோபர் 28 அன்று வாரி வழங்கினார்.

மாப்பிள்ளை பர்ஸை மறுபடி பாக்கெட்டில் வைத்தார்.

“பழனி ரோடு பங்க்ல இன்னிக்கு என்ன விலை மச்சான்?”