ஜப்பான்காரன் சும்மாவா கொடுத்தான்?

எங்க பென்னாகரம் பக்கம் பெரியவங்க சிரிச்சா பல்லுல பழுப்புக் கறை தெரியும். போர்த் தண்ணியில ஃப்ளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறந்த பிறகுதான் குழாயில் காவிரி வந்தது. போன லீவுல டீக்கடையில் ஒரு தாத்தா சொன்னார்: "ஜப்பான்காரன் சும்மா கொடுத்தான்பா, புண்ணியவான்."

சும்மா இல்லைங்க. 1,928 கோடி ரூபாய் திட்டத்தில் ஜப்பான் தந்தது கடன். குறைஞ்ச வட்டிதான், ஆனா திருப்பிக் கட்டணும்.

எனக்கு வட்டியை விட இன்னொரு கேள்விதான் முக்கியமாப் படுது. அந்தக் காசுல சாமானை யார்கிட்ட வாங்கணும்? "பணம் தர்றேன், ஆனா என் கடையிலதான் வாங்கணும்"னு சொன்னா அதுக்குப் பேர் டைடு எய்ட். கொடுத்த நாட்டுக்கே அந்தப் பணம் ஏற்றுமதி ஆர்டராத் திரும்பிப் போயிடும். போட்டி டெண்டர் இல்லாததால, வாங்குறவனுக்கு 15 முதல் 30 சதவீதம் வரை செலவு கூடும்னு ஓஇசிடி பல வருஷமாச் சொல்லிட்டு வருது.

எல்லாக் கடனும் அப்படி இல்லை. சென்னை மெட்ரோ முதல் கட்டத்துக்கும் ஜப்பான் கடன்தான். ஆனா 2010-ல் ரயில் ஆர்டரை வாங்கினது பிரான்ஸின் ஆல்ஸ்டம். முதல் சில ரயில்கள் பிரேசிலில் இருந்து வந்தன, மீதி ஸ்ரீசிட்டியில் செஞ்சது. மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் வேற கதை. 0.1% வட்டி, 50 வருஷத் தவணை, கூடவே ஷின்கான்சென் தொழில்நுட்பம். வட்டி ஏன் அவ்வளவு மலிவுன்னு இப்பப் புரியுதா?

ஜப்பான் மேல கோபம் வருதா? கொஞ்சம் இருங்க. நம்ம எக்ஸிம் பேங்க் வெளிநாடுகளுக்குத் தர்ற கடன்லயும், பொதுவா 75 சதவீதச் சரக்கும் சேவையும் இந்தியாவில் வாங்கணும்னு விதி இருக்கு. போரால் 1990-ல் நின்னுபோன யாழ்தேவி, 2014 அக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் போச்சு. இந்தியக் கடன். தண்டவாளம் போட்டது நம்ம இர்கான். அதைப் படிச்சப்போ எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. புல்லட் ரயில் விதியைப் படிச்சப்போ எரிச்சலான அதே ஆள்தான் நான்.

ஓபன் டெண்டர் விடணும்னு நாம ஜப்பான்கிட்ட கேட்டா, கொழும்புக்கும் அதையே கொடுக்கணும்ங்கிறது என் கருத்து. கோர் கம்பெனி வேலைக்குக் காத்திருக்கிற நமக்கு அது நஷ்டமாக்கூட இருக்கலாம். ஆனா யாழ்ப்பாணத்துல சிவில் படிக்கிற ஒருத்தன், "எங்க ஊர் ரயில் பாதையை எங்க கம்பெனி ஏன் போடலை?"ன்னு கேட்டா, நீங்க என்ன சொல்வீங்க?