உலாவித் தாவலில் ஒரு பூனை

பல்கலைக்கழக இணையவாயில்கள் சிலவற்றில், நிறுவன முத்திரை இருக்கவேண்டிய உலாவித் தாவலில் டாம்கேட் பூனை வீற்றிருக்கிறது. பக்கத்தில் தளச்சின்னத்தைச் சுட்டும் லிங்க் குறிச்சொல் இல்லையெனில், உலாவி தானாகவே வழங்கியின் வேர் முகவரியில் ஃபேவ்ஐகான் கோப்பைக் கேட்கும். 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 தொடங்கிவைத்த வழக்கம் இது. அங்கே டாம்கேட்டுடன் வந்த கோப்பே விடையாகிறது.

அழகுக்குறை என்று இதை ஒதுக்கலாகாது. இயங்கும் மென்பொருள் இன்னதென அப்படமே வெளியாருக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஸ்பிரிங் பூட் 2.2 தன் இயல்பு ஐகானைக் கைவிட்டதற்கும் இத்தகைய தகவல் கசிவு அச்சமே காரணம். (ஐகானை மாற்றினால் மட்டும் வழங்கி பாதுகாப்பாகிவிடாது என்பது வேறு.)

லிங்க் குறிச்சொல்லில் செயலியின் கான்டெக்ஸ்ட் பாதையையும் சேர்த்தெழுதவேண்டும். வெறும் சாய்கோட்டில் தொடங்கினால் பூனையே திரும்பிவரும். ஒப்பந்தக்காரரின் பணிநிறைவுச் சான்றில் கையொப்பமிடுமுன் தாவலையும் ஒருமுறை நோக்குக.