விழுந்த மரங்களும் விடுபட்ட கணக்கும்



2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வட்டாரங்களின் தென்னந்தோப்புகளை ஓரிரவில் சாய்த்தது. பேரிடர் வேளையில் உணவும் குடிநீரும் சுமந்து ஓடுவதில் நம் ஜமாஅத்துகள் பின்தங்குவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் நிவாரண வண்டிகள் திரும்பிய பின்னரே விவசாயியின் சோதனை தொடங்குகிறது. நெற்பயிர் அழிந்தால் அடுத்த பருவத்தில் விதைக்கலாம். நெட்டைத் தென்னையோ காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் கேட்கும். அவ்வளவு நீண்ட காலத்திற்கான திட்டம் நம் மஹல்லாக்களில் உண்டா?

அன்று அரசு, மரத்தை அகற்றும் செலவையும் சேர்த்து, மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. மரக்கணக்கில் தரப்படும் இழப்பீடு இயல்பாகவே மரத்துக்கு உரியவரைச் சென்றடையும். மரத்திலிருந்த காய்களை மொத்தமாக விலை பேசி முன்பணம் கொடுத்தவர், மரமேறியவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள் ஆகியோர் எந்தக் கணக்கில் வருவர்? மறுசீரமைப்புக்கென ஜமாஅத் கூடும்போது முதலில் எழுதப்பட வேண்டிய பெயர்கள் இவர்களுடையவை என்பதே என் கருத்து.

இதற்கு மார்க்கத்தில் தெளிவான வழிகாட்டுதல் உண்டு. விற்ற கனிகளைப் பேரிடர் அழித்துவிட்டால், வாங்கியவரிடமிருந்து விலையைப் பெறுவது ஆகாது என நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி, ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மாலிக்கி, ஹன்பலி அறிஞர்கள் இதைக் கட்டாயச் சட்டமாகவே கொண்டனர். ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்களில் பெரும்பாலோர் விரும்பத்தக்க நற்செயலாகக் கொண்டனர். கட்டாயமில்லை என்பதைக் காரணமாக்கி முன்பணத்தை முழுவதுமாக வைத்துக்கொள்வது தோப்புக்காரருக்கு அழகன்று. கடனில் மூழ்கியோர் ஜகாத் பெறத்தக்க எட்டுப் பிரிவினருள் அடங்குவர் என்பதையும் மறவாதிருப்போம்.

இனித் திட்டத்திற்கு வருவோம். சாய்ந்த மரங்களை அனைவரும் சேர்ந்து விரைந்து அகற்ற வேண்டும். மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, புதிய கன்றுகளின் குருத்தைத் துளைக்கும். வண்டு வேலியையும் அறியாது, மதத்தையும் அறியாது. எனவே அண்டைச் சமுதாய விவசாயிகளையும் அதே பாயில் அமர்த்தித் திட்டமிடுதல் அவசியம். கன்றுகள் வளரும் ஆண்டுகளில் இடைவெளி நிலத்தில் உளுந்து, காய்கறி, வாழை பயிரிடலாம். அந்நிலத்தை வேலையிழந்த தொழிலாளருக்கு நியாயமான வாரத்தில் கொடுக்கலாம். விதைக்கும் உழவுக்கும் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாத அழகிய கடன் வழங்கலாம்.

யூசுஃப் (அலை) அவர்கள் பஞ்சம் வருமுன்னரே ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கத் திட்டமிட்டார்கள். அதனால் உயிர் பிழைத்தோர் தம் குலத்தார் மட்டுமல்லர். எகிப்து மக்களும் அயல்நாட்டாரும் அத்தானியத்தை உண்டனர். திட்டமிடுதல் தவக்குலுக்கு முரணானதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அடுத்த புயல் எப்போது என்பதை அல்லாஹ்வே அறிவான். காய்க்கு முன்பணம் கொடுத்தோர், கூலிக்கு உழைப்போர் ஆகியோரின் பட்டியலை ஒவ்வொரு மஹல்லாவும் இந்த மாதமே எழுதி வைக்கட்டும். நம் நிலங்களையும் நம் உள்ளங்களையும் வல்ல ரஹ்மான் செழிப்பாக்குவானாக. ஆமீன்.